கடிகாரமே சேர்ந்து மாறினால் மாற்றம் எப்படித் தெரியும்?

கேள்வி: "ஐயா, நுண்கட்டமைப்பு மாறிலியின் மதிப்பு 1/137 என்று வகுப்பில் படித்தோம். அது காலப்போக்கில் மாறுகிறதா என்று அணுக் கடிகாரங்களை வைத்துச் சோதிக்கிறார்களாம். அணுக் கடிகாரம் ஓடுவதே அந்த மாறிலியை நம்பித்தானே? மாறிலி மாறினால் கடிகாரமும் சேர்ந்து மாறிவிடுமே, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இதுவரை ஏதாவது மாறியிருக்கிறதா? இந்த ஆராய்ச்சியில் சேர நம் நாட்டு மாணவருக்கு வழி உண்டா?" (பட்டர்வொர்த்தில் படிவம் ஆறு படிக்கும் ஒரு மாணவர் கேட்டது.)

தம்பி, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஒரே ஓர் அணுக் கடிகாரத்தை எத்தனை ஆண்டு உற்றுப் பார்த்தாலும் மாறிலி மாறுகிறதா என்பது தெரியாது. ஆனால் எல்லா அணுக் கடிகாரங்களும் ஒரே அளவில் மாறுவதில்லை. நுண்கட்டமைப்பு மாறிலி கொஞ்சம் கூடினால் ஒரு வகைக் கடிகாரம் வேகமெடுக்கும், ஒரு வகை மந்தமாகும், இன்னொரு வகை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். இதுவரை கிடைத்த விடை: மாற்றம் எதுவும் தென்படவில்லை. மாறிக்கொண்டிருந்தாலும் அதன் வேகம் ஆண்டுக்குச் சில 10⁻¹⁹ பங்குக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அதிர்வெண் கருவிகளை அளவுத்திருத்தம் செய்வது என் வேலை. ஒரே கம்பெனி செய்த இரண்டு குவார்ட்ஸ் ஆசிலேட்டர்களை ஒரே அறையில் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஏர்கோன் நின்று அறை சூடானாலும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டும் சேர்ந்தே நகரும். பக்கத்தில் ஒரு ருபிடியம் அணுக் கடிகாரக் கருவியை வைத்தால் குவார்ட்ஸின் நகர்வு உடனே வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் வெப்பத்துக்கு அது வேறு மாதிரி வினைபுரிகிறது. அடிப்படை மாறிலிகளைச் சோதிப்பவர்களும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கிறார்கள். அவர்களுக்கு "அறையின் சூடு" இருக்கும் இடத்தில் ஆல்ஃபா என்று குறிக்கப்படும் நுண்கட்டமைப்பு மாறிலி இருக்கிறது.

ஏன் ஆல்ஃபா? ஒளியின் வேகத்தையே சோதிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒளியின் வேகம் 1983 முதல் வினாடிக்கு 299,792,458 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. மீட்டர் அதிலிருந்துதான் பிறக்கிறது. வினாடியோ 1967 முதல் சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அலைவுகள். இப்படி அலகோடு கூடிய எந்த எண்ணையும் "மாறியது" என்று சொன்னால், மாறியது அந்த எண்ணா, அளந்த அலகா என்ற கேள்விக்கு முடிவே இருக்காது. அலகே இல்லாத எண்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் ஆல்ஃபா அப்படி ஒன்று, மதிப்பு ஏறத்தாழ 1/137.036. புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப் போல் எத்தனை மடங்கு என்பது இன்னொன்று, ஏறத்தாழ 1836.15. இரண்டு கடிகாரங்களின் அதிர்வெண் விகிதமும் அலகில்லாத எண்தான். அதனால் பரிசோதனையில் அளப்பது எப்போதும் ஒரு விகிதம்.

இனி நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். ஒளியியல் கடிகாரம் ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையே தாவுகிறது, அந்தத் தாவலுக்கு ஏற்ற லேசர் ஒளியின் அதிர்வெண்தான் கடிகாரத்தின் துடிப்பு. அந்த அதிர்வெண்ணை இரண்டு பகுதிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி எல்லா அணுக்களுக்கும் பொதுவானது, அணுக்களின் ஆற்றல் நிலைகளுக்கு அடிப்படை அளவான ரிட்பெர்க் மாறிலியைச் சார்ந்தது. நீங்கள் பயந்தது போல அது எல்லாக் கடிகாரங்களிலும் ஒன்றாகவே மாறும், விகிதம் எடுத்தால் அடிபட்டுப் போகும். இன்னொரு பகுதி ஐன்ஸ்டைனின் சார்பியலால் வரும் திருத்தம். அது அணுவுக்கு அணு வேறுபடுகிறது. மாற்றம் தெரியும் என்றால் இங்கேதான் தெரியும்.

எலக்ட்ரான் அணுக்கருவை ஒட்டி வரும்போது, ஒளிவேகத்தில் ஏறத்தாழ அணு எண்ணை ஆல்ஃபாவால் பெருக்கிய பங்கு வேகத்தில் பாய்கிறது. அலுமினியத்தின் அணு எண் 13. 13-ஐ 137-ஆல் வகுத்தால் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, சார்பியல் திருத்தமோ அதன் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே மிகச் சிறியது. பாதரசத்தின் அணு எண் 80. 80-ஐ 137-ஆல் வகுத்தால் 0.58, ஒளிவேகத்தில் பாதிக்கும் மேல்! அங்கே திருத்தம் பெரியது, ஆல்ஃபா சற்றே அசைந்தாலும் ஆற்றல் நிலைகள் கண்ணுக்குத் தெரியும்படி நகரும். அலுமினிய அயனிக் கடிகாரம் நிலைக்கம்பம் போல நிற்க, பாதரச அயனிக் கடிகாரத்தின் அதிர்வெண் ஆல்ஃபா மாறும் பங்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எதிர்த்திசையில் நகர வேண்டும் என்று கணக்குகள் சொல்கின்றன.

திசை ஏன் மாறுகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எஸ், டி, எஃப் என்பவை அணுவில் எலக்ட்ரான் இருக்கும் நிலைகளின் வகைகள். அவற்றில் எஸ் வகை எலக்ட்ரான் கருவுக்கு மிக அருகே போய்வரும். சார்பியல் அதைக் கருவோடு இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. ஆல்ஃபா கூடினால் அந்தக் கட்டு மேலும் இறுகும். இப்போது இட்டெர்பியம் அயனியை எடுங்கள். அதில் கடிகாரத்துக்கு உகந்த இரண்டு தாவல்கள் இருக்கின்றன. ஒன்றில் எஸ் நிலையில் உள்ள எலக்ட்ரான் டி நிலைக்கு வெளியேறுகிறது. கட்டு இறுகினால் வெளியேற அதிக ஆற்றல் தேவை, ஆகவே அதிர்வெண் கூடும். மற்றதில் உள்கூட்டில் எஃப் நிலையில் இருக்கும் எலக்ட்ரான் எஸ் நிலைக்கு வருகிறது. சேருமிடம் ஆழமாகிவிட்டதால் தாவலுக்குக் குறைந்த ஆற்றலே போதும், அதிர்வெண் குறையும். ஆல்ஃபா மாறும் பங்கைப் போல அதிர்வெண் எத்தனை மடங்கு மாறும் என்பதை உணர்திறன் என்கிறோம். முதல் தாவலுக்கு அது ஏறத்தாழ +1, இரண்டாவதற்கு ஏறத்தாழ -6. ஒரே அயனிக்குள் எதிரெதிர்த் திசையில் நகரும் இரண்டு கடிகாரங்கள்!

இரண்டாவது தாவல் இன்னொரு விதத்திலும் அதிசயம். எலக்ட்ரானைக் கிளர்வூட்டினால் அது தானாகத் திரும்பி வர ஓராண்டுக்கும் மேல் ஆகும், அணு உலகில் இது யுகக்கணக்கு. அவ்வளவு பலவீனமான தாவல் என்பதால் அதன் அதிர்வெண் மிகக் கூர்மையாக இருக்கிறது. சுமார் 642 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். ஆல்ஃபா ஆண்டுக்கு 10⁻¹⁸ பங்கு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த அதிர்வெண் ஆண்டுக்கு ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறையும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

இவ்வளவு பெரிய அதிர்வெண்களை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக எண்ண முடியாது. சம இடைவெளியில் அமைந்த லட்சக்கணக்கான லேசர் கோடுகளைத் தரும் அதிர்வெண் சீப்பு வந்த பிறகுதான் ஒரு ஒளியியல் கடிகாரத்தை இன்னொன்றோடு எண்ணிக்கையில் ஒப்பிட முடிந்தது. அதற்காக ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் 2005-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

மாறிலிகள் மாறலாம் என்ற எண்ணம் புதியதல்ல. 1937-இல் பால் டிராக் ஈர்ப்பு மாறிலி பிரபஞ்சத்தின் வயது கூடக்கூடக் குறைந்து வரலாம் என்று எழுதினார். அப்படியானால் பழங்காலத்தில் சூரியன் மிகப் பிரகாசமாக இருந்து பூமியின் கடல்கள் கொதித்திருக்கும் என்று எட்வர்ட் டெல்லர் 1948-இல் சுட்டிக்காட்டினார். அந்த விவாதம் முழுக்கத் தாளில் நடந்தது. ஆய்வகத்தில் கடிகாரங்களை வைத்து ஆல்ஃபாவைச் சோதிக்கும் பாதையை 1995-இல் பிரஸ்டேஜும் அவர் கூட்டாளிகளும் திறந்தார்கள். பாதரச அயனிக் கடிகாரத்தை ஹைட்ரஜன் அணுக்களின் நுண்ணலையால் ஓடும் ஹைட்ரஜன் மேசர் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் ஆண்டுக்கு 3.7×10⁻¹⁴ பங்கைத் தாண்டாது என்றார்கள். 2008-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள நிஸ்ட் ஆய்வகம் அலுமினியத்தையும் பாதரசத்தையும் ஒப்பிட்டது. விகிதம் 1.052871833148990438 என்று வந்தது. கடைசி இரண்டு இலக்கங்களில்தான் ஐயம். ஏறத்தாழ ஓராண்டு அந்த விகிதத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, ஆல்ஃபாவின் மாற்றம் ஆண்டுக்கு (-1.6 ± 2.3)×10⁻¹⁷ என்று வெளியிட்டார்கள். பிழை எல்லைக்குள் பூஜ்யம் அடங்கிவிடுகிறது. பிறகு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள பி.டி.பி. ஆய்வகம் இட்டெர்பியம் அயனியை வைத்து 2021-இல் (1.0 ± 1.1)×10⁻¹⁸, 2023-இல் (1.8 ± 2.5)×10⁻¹⁹ என்று இறங்கியது. முப்பது ஆண்டுக்குள் ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான முன்னேற்றம். பிரபஞ்சத்தின் 1380 கோடி ஆண்டுகளும் இந்த எல்லை வேகத்திலேயே ஆல்ஃபா நகர்ந்திருந்தாலும், மொத்த மாற்றம் நூறு கோடியில் சில பங்குதான் வரும்.

புரோட்டான்-எலக்ட்ரான் நிறை விகிதத்துக்கு ஒளியியல் கடிகாரத்தைச் சீசியத்தோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சீசியத்தின் துடிப்பு அணுக்கருவின் காந்தத்தன்மையையும் சார்ந்தது. அங்கே எல்லை ஆண்டுக்குச் சில 10⁻¹⁷. சீசியமே தடையாக இருப்பதால் இன்னும் கீழே போக முடியவில்லை.

இந்த எண்களைப் படிப்பது எளிது. அவற்றை நம்பும்படி செய்வதுதான் கடினம், என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் வலி தெரியும். ஈர்ப்பு விசையே கடிகாரத்தின் வேகத்தை மாற்றும். உயரம் ஒரு மீட்டர் கூடினால் கடிகாரம் 1.1×10⁻¹⁶ பங்கு வேகமாக ஓடும். ஜார்ஜ் டவுனில் கடற்கரையோரம் ஒரு கடிகாரம், பினாங்கு மலையில் 800 மீட்டர் உயரத்தில் ஒரு கடிகாரம் என்று வைத்தால் வேறுபாடு ஏறத்தாழ 9×10⁻¹⁴. மேலே இருப்பது ஆண்டுக்குச் சுமார் 2.7 மைக்ரோ வினாடி முந்தும். 1995-இல் ஆல்ஃபாவுக்குக் கிடைத்த ஓராண்டு எல்லையைவிட இது பெரிது! 10⁻¹⁸ நிலையில் வேலை செய்பவர்கள் ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைக்கூடக் கணக்கில் எடுக்க வேண்டும். அறையின் வெப்பக் கதிர்வீச்சும் அணுவை நகர்த்துகிறது. ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தில் சாதாரண அறை வெப்பநிலையில் அந்த நகர்வு 5×10⁻¹⁵ அளவு. மின்புலம், காந்தப்புலம், அயனியின் சொந்த அசைவு என்று பட்டியல் நீள்கிறது. இட்டெர்பியத்தின் அழகு இங்கே விளங்கும். இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள என்.பி.எல். ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில் இரண்டு தாவல்களையும் ஒரே அயனியில் அளந்தார்கள். இரண்டு கடிகாரங்களும் ஒரே புள்ளியில் இருப்பதால் உயரப் பிரச்சினை தானாகவே மறைகிறது.

"ஏதாவது மாறியிருக்கிறதா" என்றீர்கள். மாறியிருப்பதாக ஒரு கட்டத்தில் வலுவாகவே பேசப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஜான் வெப் குழு 1999 முதல், குவேசார்கள் எனப்படும், மிகப் பிரகாசமான தொலைதூர விண்மீன் மண்டல மையங்களின் ஒளி வழியில் உள்ள வாயு மேகங்களைக் கடந்து வரும்போது அதில் பதியும் உறிஞ்சல் கோடுகளை ஆராய்ந்தது. ஹவாயின் கெக் தொலைநோக்கித் தரவுகள், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆல்ஃபா லட்சத்தில் அரைப் பங்கு குறைவாக இருந்ததாகக் காட்டின. 2011-இல் சிலியின் தொலைநோக்கித் தரவுகளையும் சேர்த்துப் பார்த்து, வானத்தின் ஒரு திசையில் கூடுதல், எதிர்த்திசையில் குறைவு என்றார்கள். அது நேர்மையான, கடுமையான உழைப்பு. ஆனால் பின்னர் அந்தத் தொலைநோக்கிகளில் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நிறமாலைமானிகளில் அலைநீள அளவுகோலே நெடுக்கச் சற்று வளைந்திருந்தது தெரியவந்தது. அந்தச் சமிக்ஞையின் பெரும்பகுதியை உண்டாக்க அந்த வளைவே போதும். அளவுத்திருத்தத்துக்காகவே கவனமாகக் கட்டப்பட்ட எஸ்பிரெஸ்ஸோ கருவியால் ஒரு பிரகாசமான குவேசாரை அளந்து 2022-இல் வெளியிட்ட முடிவு, பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு துல்லியத்தில் மாற்றம் இல்லை என்கிறது. என் கருத்தில் அந்தப் பழைய கூற்றை இனி ஆதாரமாகக் கொள்ள முடியாது. அதே சமயம் குவேசார்களைக் கைவிடவும் கூடாது. ஆய்வகக் கடிகாரம் இன்றைய ஓரிரு ஆண்டுகளைத்தான் பார்க்கிறது, குவேசார் ஒளி ஆயிரம் கோடி ஆண்டு பழமையைக் கொண்டுவருகிறது. ஆதியில் மாறி, பிறகு நின்றுபோயிருந்தால் கடிகாரத்துக்கு அது தெரியாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு சாட்சி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்க யுரேனியத்தில், யுரேனியம்-235 இயல்பான 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 சதவீதமே இருந்ததை 1972-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் இயற்கை அணு உலைபோல அணுப்பிளவு தானாகவே நடந்து, குறைந்த பங்கு அதில் செலவாகியிருக்கிறது. அந்த உலையின் மிச்சத்தில் உள்ள சமாரியம்-149-இன் அளவை வைத்து, அது நியூட்ரானை மிக எளிதாக விழுங்கும் ஆற்றல் (ஒத்ததிர்வு ஆற்றல்) அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று 1976-இல் ஷ்லியாக்தர் காட்டினார். அதிலிருந்து, இத்தனை காலத்தில் ஆல்ஃபா கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறவில்லை என்ற அளவுக்கு எல்லை கிடைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் அணுக்கரு மாதிரியும் உலையின் வெப்பநிலையும் அனுமானங்களாக நுழைகின்றன. கடிகாரத்தில் எல்லாம் நம் கைக்குள் இருப்பதால் நான் அதற்கு அதிக எடை கொடுப்பேன்.

பூஜ்யத்தைத் தேடி ஏன் இவ்வளவு செலவு என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். பிரபஞ்சத்தின் பொருளில் பெரும்பகுதியான கரும்பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாது. அது மிக மிக இலேசான துகள்களால் ஆனதென்றால், ஒரு புலம்போல அலைந்து, ஆல்ஃபாவைச் சீரான கால இடைவெளியில் ஊசலாட வைக்கலாம். மேலே சொன்ன 2023 முடிவு வெளிவந்ததே அப்படியோர் ஊசலாட்டத்தைத் தேடிய ஆய்வில்தான். நம் கைப்பேசியில் கிராப் வண்டிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரப் பதிவுகளைக்கூட, கரும்பொருள் கட்டமைப்பு ஏதும் பூமியைக் கடந்து போனதா என்று தேட 2017-இல் பயன்படுத்தினார்கள். இன்னொரு தேடலுக்குச் சூரியனே உதவுகிறது. ஜனவரி தொடக்கத்தில் நாம் சூரியனிலிருந்து 14.71 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம், ஜூலையில் 15.21 கோடி. ஈர்ப்பாற்றல் இப்படி ஆண்டுதோறும் ஏறி இறங்கும்போது இரு கடிகாரங்களின் விகிதமும் கூடவே ஏறி இறங்கினால், பொதுச் சார்பியலின் அடித்தளம் ஆட்டம் காணும். இதுவரை ஆடவில்லை. ஒவ்வொரு புதிய எல்லையும் கோட்பாட்டாளர்கள் எழுதிய பல மாதிரிகளை நிரந்தரமாக ஓரங்கட்டியிருக்கிறது. அதை நான் வெறுங்கை என்று எண்ணவில்லை.

அடுத்த பெரிய பாய்ச்சல் தோரியம்-229-இலிருந்து வரும் என்று உறுதியாக எதிர்பார்க்கிறேன். பொதுவாக அணுக்கருவைக் கிளர்வூட்ட ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தோரியம்-229-க்கு மட்டும் 8.4 எலக்ட்ரான் வோல்ட் போதும், லேசரால் தொட்டுவிடலாம். லட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும் மின்விசையின் பங்கும் அணுக்கரு விசையின் பங்கும் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுவதும் ஈடுகட்டிவிடுவதால் மிஞ்சும் சின்ன எச்சம் அது. பெரிய இரண்டில் ஒன்று இம்மியளவு அசைந்தாலும் எச்சம் பெரிதாக அசையும், எனவே ஆல்ஃபாவுக்கான உணர்திறன் ஆயிரக்கணக்கான மடங்கு. 2024 ஏப்ரலில் ஜெர்மன், ஆஸ்திரிய விஞ்ஞானிகள் கால்சியம் ஃபுளோரைடு படிகத்தில் பதித்த தோரியத்தை முதன்முதலாக லேசரால் கிளர்வூட்டிய செய்தி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போல்டரின் ஜிலா ஆய்வகம் அந்த அதிர்வெண்ணை ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு இணைத்து 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ் என்று அளந்தது. இன்னும் அது முழுக் கடிகாரம் ஆகவில்லை. ஆனால் அந்த விகிதத்தை ஆண்டுதோறும் அளந்துகொண்டே போனால் இட்டெர்பியம் எல்லையை முந்திவிடும்.

கடைசிக் கேள்வி. மலேசியாவின் நேரத்தைப் பேணுவது சிரிம் நிறுவனத்தின் கீழ் இயங்கும் தேசிய அளவியல் கழகம், சிப்பாங்கில் சாலாக் திங்கியில் இருக்கிறது. அங்குள்ள சீசியம் கடிகாரங்கள் உலக நேரக் கணக்கீட்டிலும் பங்கெடுக்கின்றன. ஆனால் வணிகச் சீசியம் கடிகாரங்களின் துல்லியம் 10⁻¹³ அளவில்தான், ஆல்ஃபா சோதனைக்கு அது போதாது. கடிகாரத் தொழிலின் ஒழுங்கைக் கற்க அது நல்ல இடம். ஒளியியல் கடிகாரமே செய்ய வேண்டும் என்றால் பக்கத்திலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் லுட்டீசியம் அயனிக் கடிகாரத்தை உருவாக்கி வருகிறார்கள். அறை வெப்பத்தால் மிகக் குறைவாகவே நகரும் தாவல் ஒன்று அதில் இருக்கிறது. இந்த உலகப் போட்டியில் முன்வரிசையில் உள்ள வேலை அது. பட்டப்படிப்பில் இயற்பியலை எடுத்துக்கொள்ளுங்கள், குவாண்டம் இயங்கியலோடு நிறுத்தாமல் லேசர், வெற்றிட நுட்பம், மின்னணுவியல் மூன்றையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஆய்வகங்களில் லேசரைத் தானே சீரமைக்கவும், கருவியின் பிழைப் பட்டியலைப் பொறுமையாக எழுதவும் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். இளங்கலை இறுதியாண்டில் கோடைப் பயிற்சிக்கு அங்கே விண்ணப்பித்துப் பாருங்கள்.